பதினாறுக்குப் பிறகு

சிவப்பு. பெட்டியின் விளக்கு இன்னும் சிவப்புதான். எரியட்டும், எத்தனை நேரம் எரிகிறதோ எரியட்டும், மதுரையோடு இருந்த போன் லிங்க் தானாக அறுந்துவிடவில்லை, அறுத்தது நான்தானே, பிறகு எதற்கு இந்தப் பதைப்பு என்று ரொமில்டா தன்னையே அதட்டிக்கொண்டாள். பசி அதட்டலுக்கு அடங்குகிற ரகம் இல்லை. காலையில் பாதி இட்லியோடு எழுந்து வந்த வயிறு, மாடியிலிருந்து ரவா கேசரி வாசனை வேறு இறங்கி வருகிறது, இந்த நேரத்தில் கேசரி கேட்கிறதா உனக்கு. தரை காலைச் சுட்டது, குளிரும் ஒரு எல்லைக்கு மேல் போனால் சுடத்தான் செய்கிறது. இயந்திர அறைக்குள் செருப்போடு வரக்கூடாது என்பது இந்தத் தொழிலில் கோயில் விதி மாதிரி, வெளியே கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு வந்து ஏசியின் நேர் கீழே நின்றாக வேண்டும், இயந்திரத்துக்கு வியர்க்கக்கூடாது, மனுஷிக்கு விறைத்தால் பரவாயில்லை. மாடியில் யாரோ மைக்கைத் தட்டினார்கள். மீனவர் அவசர உதவி மையத் திறப்பு விழா. தூத்துக்குடியில் அதிகாரிகள் என்று பெயர் உள்ள அத்தனை பேரும் மேலே நாற்காலியில் இருக்கிறார்கள். கலெக்டர் மேடம் வந்தாயிற்று. மேடை மேசையில் ஒரு போன் வைத்திருக்கிறார்கள், அதற்கு மாலை போடாததுதான் குறை. விளக்கேற்றி, வாழ்த்துப் பாடி, பொன்னாடை போர்த்தி முடித்ததும் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து ஒரு மீனவப் பெண் உதவி எண்ணுக்கு அழைப்பாள், கலெக்டர் எடுத்துப் பேசுவார், கூட்டம் கைதட்டும். அந்த அழைப்பு மாடிக்குப் போவதற்கு முன்னால் வந்து இறங்க வேண்டிய வாசல் ரொமில்டாவின் முன்னால் நிற்கிற இந்தப் பெட்டி. கேட்வே என்று சொல்வார்கள். அந்த வாசலைத்தான் அவள் விழா நடக்கும்போதே இழுத்துச் சாத்தி, உள்ளே எண்களை மாற்றி எழுதி, மறுபடி திறக்கக் காத்திருக்கிறாள். யாரிடமும் கேட்கவில்லை. நேற்று கேட்டாள், முடியாது என்றார்கள், அதனால் இன்று கேட்கவில்லை.

ஒரு லிங்க் எழுந்து நிற்பதற்கு இத்தனை சடங்கா என்று புதிதாக வேலைக்கு வந்தபோது அவளுக்குச் சிரிப்பு வரும். இந்தப் பக்கத்துப் பெட்டியும் மதுரையில் இருக்கிற பெரிய எக்ஸ்சேஞ்சும் முதலில் ஒன்றையொன்று விசாரித்துக்கொள்ளும், இருக்கிறாயா, இருக்கிறேன், சொல்வது பிசகாமல் வருகிறதா, வருகிறது, இன்னொரு தரம் சொல், சொன்னேன். சம்பந்தி வீட்டார் தோற்றார்கள். அந்த விசாரிப்பெல்லாம் சரியென்று முடிந்தால்தான் பச்சை. போனில் பேசுகிறவர்களுக்கு இதெல்லாம் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. அவர்களுடைய குரல் ஒரு வழியில் போகிறது, அந்தக் குரலைப் பற்றிய சேதி, யார் கூப்பிடுகிறார், எந்த வழியில் வருகிறார், எடுத்தாயிற்றா, வைத்தாயிற்றா என்கிற சேதி, தனியாக இன்னொரு வழியில் போகிறது. அதற்குத்தான் சிக்னலிங் என்று பெயர். முப்பத்தொரு வழிகள் சேர்ந்தது ஒரு கட்டு, அதில் பதினாறாவதை அந்தச் சேதிக்கென்று ஒதுக்கிவிடுவார்கள், அதில் மனிதக் குரல் ஏறாது. இங்கேதான் வந்தது வினை. ரொமில்டாவின் தெருவில் நடுவாக்கில் ஒரு மாதா கெபி உண்டு, மாதா சிலை வைத்த சின்னக் குகை. வீடுகளுக்கு நம்பர் போட வந்தவன் ஒருவன் கெபிக்கும் ஒரு நம்பர் உண்டு என்று எண்ணிக்கொண்டு போகிறான், இன்னொருவன் கெபியில் யார் குடியிருக்கிறார்கள் என்று அதைத் தாண்டி எண்ணுகிறான். கெபி வரைக்கும் இருவர் கணக்கும் ஒன்றுதான், சண்டையே இல்லை. கெபியைத் தாண்டினால் ஒருத்தர் வீட்டுக் கடிதம் அடுத்தவர் வீட்டில் விழும். மதுரைக்காரர்கள் பதினாறையும் எண்ணுகிறார்கள். இந்தப் பெட்டிக்குச் சென்னைத் தலைமை அலுவலகம் எழுதி அனுப்பிய டெம்ப்ளேட் பதினாறை விட்டுவிட்டு எண்ணுகிறது. இரண்டும் உலகத்தில் உள்ள வழக்கம்தான், இரண்டு பக்கமும் ஒரே வழக்கமாக இருந்தால் போதும். இல்லையென்றால் சேதி சரியாக வந்து சேரும், மணி அடிக்கும், எடுப்பார்கள், எடுத்தாயிற்று என்று அந்தப் பக்கத்துக்கும் தெரியும், குரல் மட்டும் அடுத்த வழியில் போய் நின்றுகொண்டு யாருமில்லாத இடத்தில் ஹலோ ஹலோ என்று கத்தும்.

அதுவும் எல்லா அழைப்புக்கும் ஆகாது, அங்கேதான் சூது. கூட்டமில்லாத நேரத்தில் அழைப்புகள் முதல் பாதியிலேயே ஏறி வந்துவிடும். டெஸ்ட் கால் என்று எத்தனை போட்டாலும் அவையும் முதல் பாதியில்தான் வரும், தேன் மாதிரிக் குரல் கேட்கும், எல்லாரும் கைகுலுக்கிக்கொண்டு டீ குடிக்கப் போகலாம். முதல் பாதி நிரம்பி வழிகிற அன்றைக்குத்தான் அழைப்பு பதினாறைத் தாண்டும். நேற்று சாயங்காலம் அவள் மையத்தில் அழைப்பெடுக்கும் பெண்களை மொத்தமாக உட்காரவைத்து, அவரவர் வீட்டாரையும் அக்கம்பக்கத்தாரையும் ஒரே நேரத்தில் இங்கே கூப்பிடச் சொன்னாள். கடைசி வரிசையில் இருந்த பெண்கள், "அக்கா, ஒண்ணுமே கேக்கல" என்றார்கள். ஒருத்தி மட்டும் கையை உயர்த்திக்கொண்டு, "எக்கா, எங்க அம்மா கூப்பிட்டா, ஆனா மகேஸ்வரி வீட்டுக்காரர்லா பேசுதாரு, கறி வாங்கவா மீன் வாங்கவான்னு கேக்காரு" என்றாள். அறை முழுக்கச் சிரிப்பு. ரொமில்டாவும் சிரித்தாள், சிரித்து முடிப்பதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது. அடுத்த வீட்டில் விழுந்த கடிதம். திட்ட மேலாளர் ராமலட்சுமணன் சாரிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். அவர் கெட்ட மனிதர் இல்லை. அவள் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கேட்காமலே விடுப்பு கொடுத்தவர். ஆனால் விழா என்று வந்துவிட்டால் அவருக்கு உலகத்தில் பந்தலும் பொன்னாடையும் தவிர வேறொன்றும் கண்ணில் படாது. "நெட்வொர்க் நெரிசல்மா, எல்லாரும் ஒரே நேரத்துல அடிச்சா அப்படித்தான் இருக்கும்" என்றார். இல்லை சார் என்று விளக்கினாள். "முதல் பாதி வேல செய்யுதுல்லா? அதுக்கு மேல கூட்டம் என்னைக்கு வரப்போவுது?" என்றார். "புயலன்னைக்கு" என்றாள். அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். மதுரை எக்ஸ்சேஞ்சில் பூபாலன் என்று ஒரு இன்ஜினியர், அவரைப் பிடித்தாள். "மேடம், எங்க பக்கம் எல்லாம் பக்கா, நீங்க அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்று வைத்துவிட்டார். சரி, அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்கிறேன், எண்ணிக்கையை அவர்கள் வழக்கத்துக்கு மாற்றிக்கொள்ளட்டுமா என்று சென்னையைக் கேட்டால், டெம்ப்ளேட்டில் கைவைக்க அனுமதி வாங்க வேண்டும், அனுமதிக்குக் குழு கூட வேண்டும், குழு அடுத்த மாதம் கூடும், அதுவரை இருக்கிறபடி இருக்கட்டும். வளைந்து கொடுக்கக்கூட அனுமதி வேண்டுமாம். பிறந்ததிலிருந்து ஊரும் உறவும் வளைந்து போ வளைந்து போ என்றுதான் ஓதிக்கொண்டிருந்தது, ஒருநாள் சரி வளைகிறேன் என்றால் எந்தப் பக்கம் வளைவது என்பதைக் குழு முடிவு செய்யுமாம். அட்ஜஸ்ட். அந்த வார்த்தையைக் கேட்டாலே அவளுக்குப் பல்லில் மண் கடிபடுவதுபோல் இருக்கும்.

பச்சை ஆகவில்லை. கண்ணை எடுக்காதே. எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அது வருகிறபோதுதான் வரும். வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தான். யார் சொன்னது அது, எங்கிருந்து வந்தது இப்போது. அம்மா. அந்தப் பெரும்புயல் வந்த வருஷம், லூர்து மாமா, அம்மாவின் தம்பி, கடலுக்குப் போனவர் திரும்பவில்லை, ஊர் முழுக்கக் கரையில் நிற்கிறது, அம்மா மட்டும் வீட்டுக்குள் சுவரோரமாக நின்றுகொண்டு ஏதோ ஒரு உதவி எண்ணுக்குப் போன் போட்டுக்கொண்டே இருக்கிறாள். மணி போகிறது. யாரோ எடுக்கிறார்கள். எடுத்த சத்தம் பக்கத்தில் நின்ற ரொமில்டாவுக்கே கேட்டது, அந்த மெல்லிய டிக், அதன்பிறகு ஒன்றுமில்லை. அம்மா சொல்கிறாள், ஐயா எந்தம்பி போன போட்டு வரல ஐயா, மூணு பேரு போயிருக்காவ, கன்னியாகுமரிக்குத் தெக்க நிக்கோம்னு கடைசியா சொன்னான் ஐயா. ஒன்றுமில்லை. வைத்துவிட்டுத் திரும்பப் போடுகிறாள், திரும்ப எடுக்கிறார்கள், திரும்ப ஒன்றுமில்லை. அம்மா அழவில்லை, அம்மாவுக்கு அழுகை வராது, வசவுதான் வரும். எடுத்தவன் வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தான், ஒரு வார்த்த சொன்னா முத்தா உதிர்ந்து போவும் என்று அன்று தொடங்கினாள், இன்றுவரை நிறுத்தவில்லை. மாமாவின் வருஷத் திதிப் பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்தில் மெழுகுவர்த்தி ஏற்றும்போதுகூட அவனைத் திட்டுவாள், பெயர் தெரியாத அவனை, முகம் தெரியாத அவனை, அவன் பிள்ளைக்குட்டிகளைக்கூட விட்டுவைக்க மாட்டாள். ரொமில்டாவும் அவனை வெறுத்துத்தான் வளர்ந்தாள். நேற்று அந்தப் பெண் கையை உயர்த்தினாளே, மகேஸ்வரி வீட்டுக்காரர் பேசுதாரு என்று, அப்போதுதான், சிரிப்புக்கு நடுவில்தான், அது வந்து விழுந்தது. அவனும் கத்தியிருப்பானோ. ஹலோ, ஹலோ, சொல்லுங்க, எந்த ஊரு, ஹலோ என்று அவன் தொண்டை கிழியக் கத்தியிருப்பானோ, கத்தியது அடுத்த வழியில் போய் நின்றிருக்குமோ. அன்று அழைப்பு பதினாறைத் தாண்டியிருக்கும், கடலோரத்து ஊர்கள் எல்லாம் அல்லவா அழைத்துக்கொண்டிருந்தன. நிரூபிக்க முடியாது. அன்றைய பெட்டியே இன்று எந்தக் காயலான் கடையில் கிடக்கிறதோ. குரல் கேட்டிருந்தாலும் மாமா வந்திருப்பாரா என்று யாரால் சொல்ல முடியும். ஆனால் எவனோ ஒருவன் விழா நேரத்தில் பரவாயில்லை விடு என்று சொல்லியிருப்பான், அது மட்டும் அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. முதல் பாதி வேல செய்யுதுல்லா. இத்தனை வருஷம் வாயைப் பார்த்துத் திட்டியிருக்கிறோம், திட்ட வேண்டியது பெட்டிக்குள் தப்பாக எண்ணி எழுதிய கையை. இனி எவளும் யாரையும் பார்த்து வாயில் கொழுக்கட்டையா என்று கேட்கும்படி என் கையால் நடக்காது என்று நினைத்தபோது அவளுக்குக் கண் எரிந்தது. ஏசிக் காற்றுதான் என்று சொல்லிக்கொண்டாள். அது பொய் என்றும் தெரியும்.

விளக்கு சிமிட்டியது. சிவப்பு, அணைவு, சிவப்பு. பெட்டிகள் இரண்டும் விசாரிக்கத் தொடங்கிவிட்டன. கைபேசி மேசையில் அதிர்ந்து நகர்ந்தது, சென்னை. அதிரட்டும். ஒருவேளை நான்தான் தப்போ. இந்த எண்ணம் வாசலில் நின்றுகொண்டே இருந்தது, இப்போது உள்ளே வந்துவிட்டது. ஒரு பெண் வேறு குரல் கேட்டாள் என்பதை வைத்துக்கொண்டு டெம்ப்ளேட் எழுதியவர்களைவிட நீ கெட்டிக்காரியா, அவர்கள் எத்தனை ஊரில் எத்தனை பெட்டி நட்டவர்கள். பூபாலன் தூக்கக் கலக்கத்தில் ஏதாவது மாற்றிவைத்து நேற்று அப்படிக் கேட்டிருந்தால். ஒரு பக்கம் சரியாக இருந்ததை நான் கோணலாக்கிவிட்டிருந்தால். வேலை போகும். போகட்டும் என்று சொல்ல வாய் வருகிறது, வீட்டுக் கடன் தவணை வந்து வாயை மூடுகிறது. திரும்ப எண்ணிப் பார்த்தாள், ஒன்றிலிருந்து, விரலை மடக்கி, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. பதினைந்து. கெபி. பதினேழு. மதுரையின் பதினேழு என் பதினேழாக இருக்க வேண்டும், நேற்று வரை அது என் பதினெட்டின் மேல் விழுந்துகொண்டிருந்தது, இப்போது விழாது. சரிதான். மறுபடி எண்ணினாள். சரிதான் என்று எத்தனை தரம் எண்ணினாலும் பயம் தன் கணக்கைத் தனியாகப் போட்டுக்கொண்டிருந்தது. மாடியில் தீப்பெட்டி உரசும் சத்தம்கூட மைக்கில் கேட்டது, ஃபேனை நிறுத்துங்கப்பா, விளக்கு அணையுது என்று யாரோ அதட்டினார். அணையட்டும், நன்றாக அணையட்டும், இன்னும் கொஞ்சம் அணைந்துகொண்டே இருக்கட்டும் மாதாவே என்று ரொமில்டா குத்துவிளக்கைப் பற்றி ஜெபம் செய்தாள்.

கதவு திறந்தது. ராமலட்சுமணன் சார் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார், அதுவே பெரிய கோபம். "ஏம்மா, என்ன செய்யுதீங்க நீங்க? மேல மேடம் விளக்கேத்திட்டு இருக்காங்க, எனக்கு லிங்க் டவுன்னு மெசேஜ் வருது!" "நான்தான் சார் எடுத்தேன். எண்ணிக்கைய மாத்திட்டேன். இப்ப வந்துரும்." "மாத்திட்டீங்களா? யாரக் கேட்டு?" "நேத்து எல்லாரையும் கேட்டேன்லா சார்." அவருக்கு மூச்சு வாங்கியது. "பழையபடி வைங்க. இப்பவே வைங்க. மத்தத அப்புறம் பேசிக்கலாம்." "வைக்க மாட்டேன் சார்." சொன்ன பிறகுதான் சொன்னது அவள் காதில் விழுந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு மேலதிகாரியிடம் இந்த இரண்டு வார்த்தையைச் சேர்த்துச் சொன்னதில்லை, முடியாதுங்க சார், பார்க்கேன் சார், கஷ்டம் சார் என்றெல்லாம் சுற்றி வளைத்துச் சொன்னதுண்டு. அவர் விசைப்பலகையை நோக்கி ஒரு அடி வைத்தார், அவள் நகரவில்லை. அந்த நேரத்தில் பின்னால் பெட்டியில் ஏதோ மாறியது அவர் முகத்தில் தெரிந்தது. திரும்பினாள். பச்சை. "வந்துட்டுல்லா? அப்ப சரி, அப்படியே விட்டுருங்க, தொடாதீங்க" என்றார் ராமலட்சுமணன், குரல் பாதியாக இறங்கிவிட்டது.

அப்படியே விட்டால் என்ன நடக்கும் என்று அவளுக்கு அப்போது பளிச்சென்று தெரிந்தது. கலெக்டரின் அழைப்பு முதல் பாதியில் வரும். கேட்கும். நேற்றைக்கும்தான் கேட்டது என்பார்கள். இதற்கா லிங்க்கை அறுத்தாய் என்று சாயங்காலம் சென்னையிலிருந்தே ஒருவன் உள்ளே புகுந்து டெம்ப்ளேட்டைப் பழையபடி வைத்துவிட்டுப் போவான், அவளுக்குத் தெரியக்கூடத் தெரியாது. பிறகு ஒரு புயல் வரும். அவள் விசைப்பலகைக்குத் திரும்பி முதல் பாதி வழிகள் அத்தனையையும் பிளாக் செய்தாள். இனி மதுரையிலிருந்து எது வந்தாலும் பதினாறுக்குப் பிறகுதான் வந்தாக வேண்டும். "இப்ப என்ன செஞ்சீங்க?" என்றார் அவர். "நேத்து கேக்காத வழியில மேடத்தோட கால் வரப்போவுது சார்." அவர் அவளைப் பார்த்தார், பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார் என்றுதான் சொல்ல வேண்டும். "கேக்கலன்னா?" "கேக்கலன்னா ஊருக்கு முன்னால கேக்காம போவட்டும். புயல்ல கேக்காம போவதுக்கு அது தேவல." அவர் தலையில் கைவைத்துக்கொண்டு அங்கேயே, சர்வர் வந்த அட்டைப்பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். மாடியில் கைதட்டல் ஓய்ந்தது. இப்பொழுது நமது கடற்கரை ஊரைச் சேர்ந்த சகோதரி ஒருவர் என்று தொகுப்பாளர் பெண் தேனாகப் பேசினாள். ரொமில்டாவின் கைவிரல் நுனிகள் மரத்துப்போயிருந்தன, இது குளிர், இது குளிர் மட்டும்தான்.

திரையில் ஒரு வரி எழுந்தது. பதினேழு. வந்துவிட்டது. மணி அடித்தது மைக்கில் பெரிதாகக் கேட்டது. எடுத்தார்கள். அந்த டிக். அம்மா சுவரோரமாக நின்ற அதே டிக், எத்தனை பெட்டி மாறினாலும் இது மட்டும் மாறுவதில்லை. "ஹலோ" என்றார் கலெக்டர். ஒன்றுமில்லை. மைக் லேசாக இரைந்தது. "ஹலோ, நான் மாவட்ட ஆட்சியர் பேசறேன், கேக்குதுங்களா?" ஒன்றுமில்லை. ராமலட்சுமணன் கண்ணை மூடிக்கொண்டார். ரொமில்டா மூடவில்லை, மூடமாட்டேன், தப்பென்றால் தப்பைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போவேன், பதினைந்து, கெபி, பதினேழு, சரிதானே, எங்கே பிசகினேன், எங்கே. எங்கோ ஒரு நாய் குரைத்தது. மாடியில் அல்ல, மைக்கில். அலைச் சத்தம், யாரோ பின்னாலிருந்து, ஏளா பேசுளா, அந்தப் பக்கம் எடுத்துட்டாவ என்று தள்ளுகிற சத்தம், பிறகு ஒரு பொம்பளைக் குரல், கடலுக்கு எதிரே நின்று பேசிப் பழகிய, தேவைக்கு மேல் உரத்த குரல். "கேக்கு தாயி! நல்லா கேக்கு!" மாடி அதிரக் கைதட்டினார்கள். "மகிழ்ச்சிம்மா, உங்களுக்கு எந்த உதவி வேணும்னாலும் இந்த எண்ணுக்கு..." என்று கலெக்டர் தனக்கு எழுதிக் கொடுத்திருந்ததைப் படிக்கத் தொடங்கினார். அந்தப் பெண்ணுக்கும் நன்றி என்று ஏதோ எழுதிக் கொடுத்திருப்பார்கள். அவள் அதைச் சொல்லவில்லை. "நாங்க பேசுதது உங்களுக்குக் கேக்குல்லா? அப்ப இனிமே ஒரு நாளும் காதுல விழலைன்னு எங்கிட்ட சொல்லிராதிய."

கைதட்டல் பாதியில் நின்றது. கலெக்டர் என்ன பதில் சொன்னார் என்பதை ரொமில்டா கேட்கவில்லை. மேசையில் கைபேசி மறுபடி அதிர்ந்தது, சென்னை. "நான் பேசிக்கிடுதேன், குடுங்கம்மா" என்று ராமலட்சுமணன் சார் கையை நீட்டினார். அவள் தலையை ஆட்டி மறுத்துவிட்டு, முதலில் முதல் பாதி வழிகளைத் திறந்துவிட்டாள், பிறகு போனை எடுத்தாள். அந்தப் பக்கம் ஹலோ சொல்லும்வரைகூடக் காத்திருக்கவில்லை.

"நான்தான் சார் மாத்தினேன். திரும்ப மாத்தாதீங்க."